தாமதமாக வரும் உண்மை: சீன வானொலியின் தமிழ் நேயர்களுக்கு ஒரு திறந்த மடல்



இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 1962இல் போர் நடந்தது. தூதர் அளவிலான உறவே அறுந்து கிடந்த அந்தக் காலத்தில், 1963இல், பெய்ஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. பிறகு வந்த பல பத்தாண்டுகளில் தமிழகத்தின் சிற்றூர்கள் வரைக்கும் நேயர் மன்றங்கள் முளைத்தன. சிற்றலையில் இரைச்சலோடு வந்த நிகழ்ச்சிகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, கடிதம் எழுதி, பொது அறிவுப் போட்டிகளுக்கு விடை அனுப்பி, பெய்ஜிங்கிலிருந்து வரும் பதிலுக்காகக் காத்திருந்தவர்கள் நீங்கள். தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டு, நம்மில் பலரைவிடத் திருத்தமான தமிழ் பேசிய சீன அறிவிப்பாளர்கள் உங்களுக்கு வீட்டு மனிதர்களானார்கள். இந்த மடலை உங்களுக்கு எழுதக் காரணமும் அதுதான். சீனா என்றாலே முகம் சுளிப்பவர்களிடம் சீன ஊடகக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர்களுக்கு அது வைவதற்கு இன்னொரு காரணமாக மட்டுமே உதவும். சீன மக்கள்மீது மதிப்பு வைத்திருப்பவர்களிடம்தான் இதைப் பேச வேண்டும். கேட்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் கேட்கும் குரல் எந்த நிறுவனத்திலிருந்து வருகிறது, அந்த நிறுவனம் தன் சொந்த மக்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். சீன அரசு ஒளிபரப்பின் பெரிய குறை அது பொய் சொல்கிறது என்பதல்ல. எந்த உண்மையை எந்த நாளில் சொல்லலாம் என்ற முடிவு செய்தியாளரின் மேசையில் எடுக்கப்படுவதில்லை, கட்சியின் அலுவலகத்தில் எடுக்கப்படுகிறது என்பதே குறை. அந்தத் தாமதத்தின் விலையை முதலில் கொடுப்பவர்கள் சீனர்களே. என் வாதம் இவ்வளவுதான்.

முதலில் அந்த நிறுவனத்தைப் பார்ப்போம். 1958 மே 1 அன்று 'பெய்ஜிங் தொலைக்காட்சி' என்ற பெயரில் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது, சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 1978இல், 'சீன மத்தியத் தொலைக்காட்சி' ஆயிற்று. அதே 1978இன் முதல் நாளில் தொடங்கிய இரவு 7 மணிச் செய்தி இன்றும் தொடர்கிறது. அந்த அரை மணி நேரச் செய்தியை மாகாணங்களின் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் அதே நேரத்தில் அஞ்சல் செய்ய வேண்டும்; எந்த மாகாணத்து அலைவரிசைக்குத் திருப்பினாலும் அதே முகங்கள், அதே வரிசை. முதல் பத்து நிமிடம் தலைவர்கள் ஓயாமல் உழைக்கிறார்கள், அடுத்த பத்து நிமிடம் மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், கடைசிப் பத்து நிமிடம் வெளிநாடுகள் பற்றி எரிகின்றன என்று சீனர்களே இதைக் கேலி செய்வதுண்டு. 2018 மார்ச்சில் இந்தத் தொலைக்காட்சியும், உள்நாட்டுக்கான தேசிய வானொலியும், நீங்கள் கேட்டுவந்த சீனப் பன்னாட்டு வானொலியும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. அதை வழிநடத்தும் பொறுப்பு கட்சியின் மத்தியப் பிரச்சாரத் துறைக்கு அளிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2016 பிப்ரவரி 19 அன்று, ஷி ஜின்பிங் மக்கள் நாளிதழ், சின்ஹுவா, மத்தியத் தொலைக்காட்சி ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் போனார். கட்சியும் அரசும் நடத்தும் ஊடகங்கள் கட்சியின் குடும்பப் பெயரையே தாங்க வேண்டும் என்பது அன்று அவர் சொன்னதன் சாரம். தொலைக்காட்சி நிலையத்தின் திரை தன் குடும்பப் பெயர் கட்சி என்றும், தன் விசுவாசம் முழுமையானது என்றும் அறிவித்து அவரை வரவேற்றது. வரிப்பணத்தில் நடக்கும் ஊடகம் மக்களுக்கு அல்லவா சேவை செய்ய வேண்டும் என்று இணையத்தில் கேட்ட ரென் சிச்சியாங் என்ற கட்டுமானத் தொழிலதிபரின் கணக்குகள் சில நாட்களில் மூடப்பட்டன. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மூன்று கோடிக்கு மேல். பின்னர் 2020இல், கொரோனாவைத் தலைமை கையாண்ட விதத்தை விமர்சித்து எழுதிய சில மாதங்களில், ஊழல் வழக்கில் அவருக்கு 18 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கட்டுப்பாடு என்றதும் கத்தரிக்கோலோடு ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நடைமுறை அதைவிட எளிமையானது. பெரிய விபத்தோ போராட்டமோ நடந்தால் பிரச்சாரத் துறையிலிருந்து ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தல் போகும்: சின்ஹுவா தரும் வாசகத்தை மட்டும் பயன்படுத்துங்கள், சொந்தச் செய்தியாளரை அனுப்பாதீர்கள், காரணத்தை ஆராயாதீர்கள், முதல் பக்கத்தில் போடாதீர்கள். இப்படிக் கசிந்த அறிவுறுத்தல்களைக் கலிபோர்னியாவிலிருந்து இயங்கும் 'சீனா டிஜிட்டல் டைம்ஸ்' பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறது. இவற்றில் பொய் எழுதச் சொல்லும் உத்தரவுகளைவிட, பேசாமல் இருக்கச் சொல்பவையே மிகுதி. சந்தை வளர்ந்தால் இந்தப் பிடி தானாகத் தளரும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 1979 ஜனவரியில் ஷாங்காய் தொலைக்காட்சி ஒரு மூலிகை மதுவுக்கு நாட்டின் முதல் தொலைக்காட்சி விளம்பரத்தை ஒளிபரப்பியது. 1983இல் மையம், மாகாணம், நகரம், கவுண்டி என நான்கு மட்டங்களிலும் நிலையங்கள் தொடங்க அனுமதி கிடைத்தது. 1994 முதல் 7 மணிச் செய்தியை ஒட்டிய விளம்பர நொடிகள் ஏலம் விடப்பட்டன. 1997ஆம் ஆண்டுக்கான ஏலத்தில் ஷாண்டோங் மாகாணத்து மதுபான நிறுவனம் ஒன்று 32 கோடி யுவான் கேட்டது. பணம் வந்தது, போட்டி வந்தது, ஆட்டமும் பாட்டும் வந்தன. பிடி மட்டும் தளரவில்லை. ஹூனான் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி 2005இல் நாட்டையே கட்டிப்போட்டது. 2012 தொடக்கத்திலிருந்து மாகாணச் செயற்கைக்கோள் அலைவரிசைகள் மாலை நேரத்தில் வாரத்துக்கு எத்தனை கேளிக்கை நிகழ்ச்சி போடலாம் என்பதற்கே உச்சவரம்பு வந்துவிட்டது. விளம்பரதாரர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் எது செய்தி என்று முடிவு செய்யும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்க முடியாது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

இந்த ஏற்பாட்டினால் யாருக்கு என்ன இழப்பு? 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோயிலிருந்து பார்க்கலாம். அந்த ஏப்ரல் 3 அன்று சுகாதார அமைச்சர், பெய்ஜிங்கில் 12 பேருக்கு நோய், 3 பேர் இறந்திருக்கிறார்கள் என்று செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஜியாங் யான்யோங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அறுவை மருத்துவர் திகைத்துப்போனார்; நகரத்தின் ஒரே ஒரு ராணுவ மருத்துவமனையில் மட்டும் ஏறத்தாழ 60 நோயாளிகள் இருப்பது அவருக்குத் தெரியும். மறுநாள் அவர் உண்மையை எழுதி அனுப்பிய இடங்களைக் கவனியுங்கள்: ஒன்று, சீன மத்தியத் தொலைக்காட்சியின் நான்காவது அலைவரிசை, இன்னொன்று, ஹாங்காங்கின் ஃபீனிக்ஸ் தொலைக்காட்சி. அவர் முதலில் நம்பியது தன் நாட்டுத் தொலைக்காட்சியை. இரண்டும் அதை ஒளிபரப்பவில்லை. அந்தக் கடிதம் அமெரிக்காவின் 'டைம்' இதழின் கைக்குப் போய், அதில் வந்த பிறகே விஷயம் வெளியானது. ஏப்ரல் 20 அன்று அரசு பெய்ஜிங்கின் கணக்கை 37இலிருந்து 339 ஆகத் திருத்தியது; சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். மருத்துவர் உண்மையை எழுதிக் கொடுத்த நாளுக்கும் அரசு அதை ஒப்புக்கொண்ட நாளுக்கும் நடுவே 16 நாட்கள் போயின. தொற்றுநோய்க்கு 16 நாட்கள் என்பது எவ்வளவு நீளமான காலம் என்று நம் எல்லோருக்கும் இப்போது தெரியும். வெளிநாட்டு ஊடகம் சீனாவுக்கு எதிரி என்று சொல்லப்படும்போது இந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கதவு அடைபட்டுக் கிடந்ததால்தான் அந்தச் செய்தி ஊர் சுற்றிப் போக நேர்ந்தது.

2008ஆம் ஆண்டின் பால் மாவு விவகாரம் இதைவிடக் கசப்பானது. சான்லு என்ற பெரிய நிறுவனத்தின் குழந்தைப் பால் மாவில் மெலமைன் கலந்திருந்தது. புரதம் மிகுந்ததாகக் காட்டப் பாலில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள் அது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். அரசுக் கணக்குப்படியே ஆறு குழந்தைகள் இறந்தன. முந்தைய ஆண்டுதான் மத்தியத் தொலைக்காட்சியின் தர ஆய்வு நிகழ்ச்சி ஒன்று, இந்த நிறுவனத்தின் பால் 1,100 சோதனைகளைத் தாண்டி வருவதாகப் பாராட்டியிருந்தது. கைக்குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வருவது ஜூலையிலேயே ஒரு செய்தியாளருக்குத் தெரிந்துவிட்டது என்றும், ஒலிம்பிக் நெருங்கியதால் வெளியிட முடியவில்லை என்றும் குவாங்சோவின் 'தெற்கத்திய வார இதழ்' ஆசிரியர் ஒருவர் பின்னர் எழுதினார். ஒலிம்பிக்கை ஒட்டி ஊடகங்களுக்குப் போன அறிவுறுத்தல்களில் உணவுப் பாதுகாப்பைத் தொடாதீர்கள் என்பதும் ஒன்று. போட்டிகள் ஆகஸ்ட் 8இல் தொடங்கி 24இல் முடிந்தன. ஷாங்காயின் ஒரு நாளிதழில் ஜியான் குவாங்சோ என்ற செய்தியாளர் நிறுவனத்தின் பெயரைத் துணிந்து எழுதியது செப்டம்பர் 11 அன்று. இடைப்பட்ட வாரங்களிலும் கடைகளில் அந்த மாவு விற்றது, தாய்மார்கள் அதைக் கரைத்து ஊட்டினார்கள். அந்த நாட்களில் தொலைக்காட்சி காட்டிய ஒலிம்பிக் காட்சிகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பதக்கங்கள் உண்மை, வாணவேடிக்கை உண்மை. ஒரு தாய்க்கு அன்று தேவைப்பட்டது ஒரு நிறுவனத்தின் பெயர். அதைத்தான் சொல்லக்கூடாது என்றிருந்தது.

பழைய கதை, சீனா மாறிவிட்டது என்பீர்கள். அப்படியானால் 2020இன் கொரோனாவுக்கு வாருங்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே, வுஹானில் வதந்தி பரப்பிய எட்டுப் பேர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டதாக மத்தியத் தொலைக்காட்சி செய்தி வாசித்தது. சக மருத்துவர்களை எச்சரித்த லி வென்லியாங் என்ற கண் மருத்துவர் ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் கண்டன ஆவணத்தில் கையெழுத்திட வைக்கப்பட்டார். ஜனவரி 18 அன்று வுஹானின் ஒரு குடியிருப்பில் பல்லாயிரம் குடும்பங்கள் கூடிப் புத்தாண்டு விருந்து நடத்தின. ஜனவரி 20 இரவு, அதே மத்தியத் தொலைக்காட்சியில், பாய் யான்சோங் என்ற புகழ்பெற்ற நெறியாளர் கேள்வி கேட்க, மூத்த மருத்துவர் சோங் நான்ஷான் இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். நாடு முழுவதும் அன்றே விழித்துக்கொண்டது. மூன்று நாட்களில் வுஹான் அடைக்கப்பட்டது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. உண்மையைச் சொல்லும் திறமையும், கேட்டதும் நம்பும் பார்வையாளர்களும் அந்த நிலையத்துக்கு இருக்கிறார்கள். ஒரே நேர்காணலில் நூறு கோடிப் பேரைக் காக்கும் வல்லமை அதற்கு உண்டு. அந்த நேர்காணலை எந்த நாளில் நடத்தலாம் என்ற உரிமைதான் அதற்கு இல்லை. லி வென்லியாங் பிப்ரவரி 7 அன்று அதே நோயால் இறந்தார்; மார்ச்சில் காவல்துறை கண்டனத்தைத் திரும்பப் பெற்றது. வுஹானுக்குப் போய்க் கைப்பேசியில் படம் பிடித்து வெளியிட்ட ஷாங் ஷான் என்ற முன்னாள் வழக்கறிஞருக்கு அந்த ஆண்டு டிசம்பரில் நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நிகழ்வும் உண்டு. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டுப் படையினரும் மோதிக்கொண்டார்கள். இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தது மறுநாளே அறிவிக்கப்பட்டது; அவர்களில் ஒருவரான ஹவில்தார் பழனி நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அவரது உடல் ஊருக்கு வந்தது, அரசு மரியாதை நடந்தது, தொலைக்காட்சிகள் அதைக் காட்டின. சீனத் தரப்பில் இறந்தவர்களின் பெயர்களைச் சீனர்கள் கேட்டது எட்டு மாதங்களுக்குப் பிறகு, 2021 பிப்ரவரி 19 அன்று. நான்கு பேர் இறந்ததாக அன்று அறிவித்து, அவர்களை மாவீரர்கள் என்று தொலைக்காட்சி போற்றியது. இறந்தவர்கள் நான்கு பேர்தானா என்று இணையத்தில் ஐயம் எழுப்பிய சியூ சிமிங் என்ற வலைப்பதிவருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. எல்லைச் சிக்கலில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை. நாட்டுக்காக உயிர்விட்ட வீரனுக்கு எட்டு மாதம் வரைக்கும் ஊரறிய அஞ்சலி கிடைக்காமல் செய்த ஏற்பாட்டைத் தேசப்பற்று என்று எப்படி அழைப்பது?

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். அங்கேயும் அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சிகள் உண்டே என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். 1994இல் தொடங்கிய 'குவிமைய நேர்காணல்' உள்ளூர் அதிகாரிகளின் அத்துமீறலைத் துணிச்சலாகக் காட்டியது. 1998 அக்டோபரில் அன்றைய பிரதமர் சூ ரோங்ஜியே நிலையத்துக்கு வந்து, அரசுக்குக் கண்ணாடியாகவும் மக்களின் குரலாகவும் இருங்கள் என்ற பொருளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1991 முதல் வழக்கமாக மார்ச் 15 அன்று வரும் நுகர்வோர் நாள் நிகழ்ச்சியைக் கண்டு பெரிய நிறுவனங்கள் நடுங்குகின்றன; 2013இல் அது தொடுத்த தாக்குதலுக்குப் பிறகு ஆப்பிள் நிறுவனத்தின் தலைவரே சீன வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த நிகழ்ச்சி வந்த அதே நாளில் ஆப்பிளைக் கண்டித்து ஒரு நடிகர் இணையத்தில் இட்ட பதிவின் முடிவில், இதை 8.20 மணி வாக்கில் வெளியிடவும் என்ற குறிப்பும் சேர்ந்தே வந்துவிட்டது, நாடே சிரித்தது. விமர்சனம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும். ஈயை அடிப்பார்கள், புலியைத் தொடமாட்டார்கள் என்பது சீனர்களின் சொலவடை. கவுண்டி அதிகாரியும் வெளிநாட்டு நிறுவனமும் கேள்விக்கு உள்ளாகலாம். மேலே உள்ளவர்கள் ஆகக்கூடாது. புலியைக் கட்சியே வேட்டையாடி முடித்த பிறகு வேண்டுமானால் தொலைக்காட்சி அதன் தோலைக் காட்டும். மத்தியத் தொலைக்காட்சியிலிருந்து விலகிய சாய் ஜிங், காற்று மாசு பற்றித் தன் சொந்தச் செலவில் எடுத்த ஆவணப்படத்தை 2015 பிப்ரவரி 28 அன்று இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். சுற்றுச்சூழல் அமைச்சரே பாராட்டினார். ஒரு வாரம் கழித்துத் தேடியவர்களுக்குச் சீன இணையத்தில் அது கிடைக்கவில்லை. அமைச்சரின் பாராட்டுகூட அதைக் காப்பாற்றவில்லை.

அங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள், எங்களுக்கு அவர்களைத் தெரியும் என்பது உங்களில் பலர் மனதில் இருக்கும் இரண்டாவது மறுப்பு. அதை நான் மறுக்கவே இல்லை; என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது. 1989 ஜூன் 4 அன்று தியானன்மென் படுகொலைக்குப் பிறகு 7 மணிச் செய்தியை வாசித்த சுவே ஃபெய், தூ சியான் இருவரும் கறுப்பு உடையில் வந்து, தாழ்ந்த குரலில் மெதுவாக வாசித்தார்கள். வாசகம் மேலிடம் கொடுத்தது. அதை வாசித்த குரல் மட்டும் அவர்களுடையதாக இருந்தது. அவர்கள் அந்த இருக்கையை இழந்தார்கள். 2011 ஜூலை 23 அன்று வென்சோ அருகே இரண்டு அதிவேக ரயில்கள் மோதி 40 பேர் இறந்தபோது, சியூ சீமிங் என்ற நெறியாளர், நாம் குடிக்கும் பாலும் பயணம் செய்யும் ரயிலும் பாதுகாப்பானவையா, இந்த வேகம் நமக்குத் தேவையா என்று நேரலையில் கேட்டார். அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் வாங் சிங்லெய் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். 2013இல் நிலையத்தை விட்டு வெளியேறியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடை உத்தரவுகளுக்கு நடுவே வேலை செய்ததாக அவர் எழுதிய கடிதம் பரவலாகப் படிக்கப்பட்டது. நல்ல மனிதர்களைக் கொண்ட நிறுவனம் என்பதால் நல்ல செய்தி வந்துவிடுவதில்லை. நல்லவர் ஒருவர் தன் தொழிலை ஒழுங்காகச் செய்தால் வேலை போகும் என்ற நிலையைத்தான் நாம் குறை சொல்ல வேண்டும். நீங்கள் நேசிக்கும் அறிவிப்பாளர்கள் அந்த நிலையில்தான் உங்களோடு பேசுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு நம் வீட்டிலிருந்தே வருகிறது: எந்த ஊடகம்தான் யோக்கியம்? எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2025 பட்டியலில் 180 நாடுகளில் சீனா 178ஆவது என்றால், இந்தியா 151ஆவது. பெருமைப்பட ஒன்றுமில்லை. அவசரநிலைக் காலத்தில் நம் அகில இந்திய வானொலி அரசின் குரலாகவே ஒலித்தது. தமிழகத்திலோ ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று கட்சிக்கொரு தொலைக்காட்சி என்ற நிலையையே பார்த்தோம். ஆனால் இந்த ஒப்பீட்டை முழுதாகச் செய்து பாருங்கள். ஒரு தொலைக்காட்சி மறைக்கும் ஊழலைத் தெரிந்துகொள்ள, தமிழ்ப் பார்வையாளர் எதிர்க்கட்சியின் அலைவரிசைக்குத் திருப்புகிறார்; எது யாருடையது என்று தெரிந்தே, இரண்டையும் கழித்துப் பார்த்து உண்மையை அனுமானிக்கிறார். அவசரநிலையின் இறுதியில் 1977இல் தேர்தல் வந்தது, மக்கள் அந்த ஆட்சியைத் தோற்கடித்தார்கள், தணிக்கை அதிகாரிகளின் செயல்கள் விசாரணைக் குழுவின் முன் வந்தன. ஊடகம் ஒருபக்கம் சாய்வது எங்கும் உண்டு. அந்தச் சாய்வை வெளிச்சம் போட்டுக் காட்டச் சட்டப்படி இன்னொருவர் இருக்கிறாரா என்பதே அளவுகோல். பிபிசியும் பொதுப் பணத்தில்தானே நடக்கிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 பிப்ரவரி 4 அன்று சீனாவின் பன்னாட்டு ஆங்கில அலைவரிசையின் உரிமத்தை ரத்து செய்தது. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஆசிரியப் பொறுப்பு இல்லை, இறுதிக் கட்டுப்பாடு கட்சியிடம் இருக்கிறது என்பது அது சொன்ன காரணம். பீட்டர் ஹம்ப்ரி என்ற பிரிட்டிஷ்காரரை, வழக்கு விசாரணைக்கு வருமுன்பே காவலில் வைத்து 'ஒப்புதல் வாக்குமூலம்' சொல்ல வைத்துத் திரையில் காட்டியதற்காக அபராதமும் விதித்தது. உரிமம் ரத்தான ஒரு வாரத்தில் சீனா பிபிசி உலகச் செய்தியைத் தடை செய்தது. அங்கே தடை செய்ய எந்த விதிமீறலையும் விசாரித்து நிறுவ வேண்டிய தேவை எழவில்லை.

கடைசியாக, பலமான மறுப்பு. கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து மீட்ட நாடு; 140 கோடிப் பேரை ஆள வேண்டும்; ஆளுக்கொரு பேச்சு என்று விட்டால் குழப்பம்தானே மிஞ்சும்? சீனாவின் வளர்ச்சியை மறுப்பவன் கண்ணை மூடிக்கொண்டவன். ஆனால் அந்த வளர்ச்சி உழவர்களும் தொழிலாளர்களும் உழைத்ததால் வந்தது. செய்தியை மறைத்ததால் வந்தது என்று யாரும் காட்டவில்லை. மேலே சொன்ன நிகழ்வுகளிலும் மௌனம் அமைதியைக் காக்கவில்லை. நோயையும் நச்சையும் பரவவிட்டது. இதில் ஆட்சிக்கே இழப்பு உண்டு. 2021 ஜூலையில் ஹெனான் மாகாணத்தின் ஷெங்ஷோ நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஷெங்ஷோ அதிகாரிகள் 139 மரணங்களை மறைத்தார்கள் என்று பின்னர் கண்டறிந்து அறிவித்தது வெளிநாட்டு ஊடகமல்ல, சீன அரசின் சொந்த விசாரணைக் குழு. கெட்ட செய்திக்குத் தண்டனையும் நல்ல செய்திக்குப் பதவி உயர்வும் என்று பழக்கினால், கீழே உள்ள அதிகாரி பெய்ஜிங்கிடமும் மறைக்கவே செய்வான். மக்களுக்குத் தெரியக்கூடாது என்று கட்டிய சுவர் ஒரு கட்டத்தில் ஆட்சியாளரின் பார்வையையும் மறைத்துவிடுகிறது. அரசுக்குக் கண்ணாடி வேண்டும் என்று சூ ரோங்ஜி சொன்னது தாராள மனத்தால் மட்டுமல்ல, ஆள்வதற்கு அது தேவை என்ற அனுபவ அறிவாலும்தான்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கலாம். சீனப் பண்பாடு, உணவு, தேநீர், திருவிழா பற்றிய நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். அந்த அறிவிப்பாளர்களோடு உள்ள நட்பைப் பேணுங்கள். கூடவே, உங்களுக்குக் கைவந்த கலையான கடிதத்தை வேறு விதமாகவும் எழுதுங்கள். நிகழ்ச்சி இனிமையாக இருந்தது என்று பாராட்டி முடிக்கும் கடிதத்தில் ஒரு கேள்வியும் இருக்கட்டும்: ஒரு வெள்ளமோ விபத்தோ நடந்தால், அன்றைய உங்கள் தமிழ்ச் செய்தியில் அது ஏன் வரவில்லை என்று கேளுங்கள். ஷாங் ஷான் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். 2024 மே மாதம் விடுதலையான அவர் சில மாதங்களிலேயே மீண்டும் பிடிக்கப்பட்டார். செய்தியாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி 2024 டிசம்பர் 1 அன்று சீனச் சிறைகளில் 50 செய்தியாளர்கள் இருந்தார்கள். உலகிலேயே அதுதான் மிக அதிகம். அவர்களுள் பலர் தம் ஊரின் செய்தியைத் தம் மக்களுக்குச் சொன்னவர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் வராமல் போகலாம். கடிதத்தைப் பிரிப்பவர் பதில் எழுதும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நேயர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்று அந்த நிறுவனம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. தமிழ் நேயர்களின் அன்பைக் கேள்வியில்லாத ஒப்புதலாக அது கணக்கில் எழுதிக்கொள்ள நாம் இடம் தரக்கூடாது. சீன மக்களின் நண்பர் என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு காலம் உழைத்திருக்கிறீர்கள். தன் குழந்தையின் பாலில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்ட சீனத் தாய்க்கு அன்றே பதில் கிடைத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வது அந்த நட்பில் சேராதா?

தோழமையுடன்,
தமிழ் எழுத்தாளர் ஒருவர்